ஆய்வுகூடத்துக்குப் போகாத போத்தல்

கொட்டாஞ்சேனை,
12.02.2025

என் அன்பு மகன் கிளறன்ஸுக்கு,

நீயும் மருமகளும் பிள்ளைகளும் தேக சுகத்தோடு இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நேசம் மாமி உனக்குச் சொன்னது பிழை. உன் தங்கச்சியின் கையில் கட்டி வந்தபோது நான் டொக்டரிடம் காட்டாமல் கோயில் எண்ணெய் பூசிக்கொண்டு இருந்தேனாம். நான் அப்படிப்பட்டவள் அல்ல, ஒரு கிழமைக்குள் கொண்டுபோய்க் காட்டினேன். நான் செய்தது அதைவிட மோசமானது. அதை என்னிடமிருந்தே நீ அறியவேண்டும்.

போன வருடம் மாசியில் தங்கச்சி டில்றுக்சியின் வலது முன்கையில் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி. நம் குடும்ப டொக்டர் தொட்டுப் பார்த்து, "வெறும் கொழுப்புக் கட்டி மிஸிஸ் சேவியர், பதினைஞ்சு நிமிஷ வேலை" என்றார். ஸ்கான் ஒன்றும் எடுக்கவில்லை. விறைக்க ஊசி போட்டு வெட்டி எடுத்தார், எடுத்ததைப் போத்தலில் மருந்துத் தண்ணீருக்குள் போட்டு, எதற்கும் பொரளையில் ஒரு ஆய்வுகூடத்தில் கொடுத்துச் சோதிக்கும்படி படிவத்தோடு என்னிடம் தந்தார். இங்கே வீட்டார்தானே கொண்டுபோய்க் கொடுப்பது. அப்போது றொஹான் வீட்டாருடன் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். போய்ப் பார்த்தால் கவுண்டரில் இருந்தவள் றொஹானின் சித்தி மகள். படிவத்தில் பிள்ளையின் பெயர், அதன் கீழே புற்றுநோயா என்று பார்க்கும்படி டொக்டரின் எழுத்து. அவள் வாசித்தால் பின்னேரத்துக்குள் அவர்கள் வீடு முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்து ஓட்டோ பிடித்துத் திரும்பிவிட்டேன். போத்தலைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டேன். தங்கச்சியிடம் ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லையாம் என்றேன். அந்தச் சம்பந்தமும் வேறு காரணத்தால் நின்றுபோனது உனக்குத் தெரியும்.

கார்த்திகையில் அதே தழும்பின் கீழ் மறுபடி கல்லுப்போல வந்தது, விரல்கள் மரத்துப்போயின. தசைக்குள் வளரும் புற்றுநோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் சுற்றிவர அகலமாக வெட்டிக் கையைக் காப்பாற்றியிருக்கலாமாம். இப்போது நரம்பையும் இரத்தக்குழாயையும் சுற்றிவிட்டது, முழங்கைக்கு மேலே எடுக்கவேண்டும் என்கிறார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டபோது, தொலைந்துவிட்டது என்று அவர் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னேன்.

நேற்று தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தழும்பை இடது கையால் மூடிக்கொண்டாள். பிறகு, "டொக்டரிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்கோ அம்மா. அண்ணாவுக்கும் நீங்களே எழுதுங்கோ. உங்களுக்காக நான் பொய் சொல்லமாட்டன்" என்றாள். இன்று காலை அந்தச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் சொல்லிவிட்டேன். திரும்பி வார்டுக்கு வந்தபோது கட்டிலில் இருந்து இடது கையால் தன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். எழுத்துகள் முதலாம் வகுப்புப் பிள்ளையினதுபோல் சரிந்து கிடந்தன. நான் ஒன்றையும் திருத்தவில்லை.

வருகிற புதன்கிழமை கையை எடுக்கிறார்கள். இக்கடிதம் உன்னிடம் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். பிள்ளைகளைக் குளிருக்குள் தொப்பி இல்லாமல் அனுப்பாதே. உங்களில் யாருக்காவது ஒரு சிறு கட்டி வந்தாலும் ஸ்கான் எடுக்காமல் வெட்டவிடாதே, வெட்டியதைச் சோதிக்காமல் விடாதே. ஆண்டவர் உங்கள் எல்லாரையும் தம் நிழலில் வைத்திருப்பாராக. என்னை மன்னிக்க முடியாவிட்டாலும் அதையே எழுது. தொலைபேசி எடுக்காதே மகன், கடிதமாகப் பதில் போடு.

உன் அம்மா,
பிலோமினா சேவியர்