சகனில் கடைசிக் கை

கடலாடி
2.7.2024

அன்புள்ள நஸீராவுக்கு,

மாடிவீட்டு டீச்சர் எழுதுவது. கீழக்கரையை விட்டு நான் சொந்த ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. உன் மாடியில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். ஆனாலும் உனக்கு மாடிவீட்டு டீச்சர் என்றால் அது நான்தான். அந்தப் பட்டத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மதுரையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து நீ வீடு வந்துவிட்டாய் என்று உன் மகள் நஸீஹா போனில் சொன்னாள். உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். "நல்லா இருக்கேன் டீச்சர்" என்றாய். அது நல்லா இருக்கிறவள் குரல் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் நீ ஒரே வார்த்தையில் தப்பித்துவிடுவாய். காகிதம் என்றால் ஒரு பக்கமாவது எழுத வேண்டும். ஒரு பக்கம் முழுக்கப் பொய் சொல்ல உனக்கு வராது.

உடம்பு எடையைக் குறைக்க இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்துவிட்டார்கள், மிச்சம் ஒரு வாழைக்காய் அளவுதான் என்று நஸீஹா சொன்னபோது எனக்கே ஒரு கணம் திக்கென்றது. அப்புறம் எங்கள் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொண்டேன். புதுக் கரை போட்ட வருடம் முதல் மழைக்கே தண்ணீரை முழுக்கத் தேக்க மாட்டார்கள். பாதியோடு நிறுத்தி, கரை இறுகட்டும் என்று காத்திருப்பார்கள். அந்தக் கரையை நோஞ்சான் கரை என்று யாரும் சொல்வதில்லை. புதுக் கரை என்றுதான் சொல்வார்கள். உன் வயிற்றையும் நீ அப்படியே சொல்லிப் பழகு.

இத்துடன் ஒரு பாலாடை அனுப்பியிருக்கிறேன். என் மகன் வசந்தகுமாருக்குப் பால் புகட்டியது. கோபித்துக்கொள்ளாதே. கஞ்சி குடிக்க இதைவிடச் சரியான அளவு கடையில் கிடைக்காது.

உன் ஒரு பக்கத்துக்குக் காத்திருக்கும்,
ஈஸ்வரி

கீழக்கரை
11.7.2024

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

நஸீராவின் ஸலாம். பாலாடை வந்தது. எங்க வீட்டு இவுக அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அம்பத்தாறு வயசுல எனக்கு ஒரு பச்சப்புள்ள!" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்கள். நான் சிரித்தால் தையல் இழுக்கிறது என்று தெரிந்தேதான் செய்கிறார்கள்.

நீங்கள் கேட்டபடி உண்மையை எழுதுகிறேன். தெளிந்த கஞ்சித் தண்ணி போய், இப்போது மசித்த மீனும் குழைந்த பயறும் வந்திருக்கிறது. ஒரு வாயைக் கூழாகும்வரை மென்று, முழுங்கி, அது இறங்கிய பிறகுதான் அடுத்த வாய். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. பாதி முட்டைக்கு அரைமணி நேரம். இவுக என்னோடு உட்கார்ந்தார்கள். தன் தட்டை முடித்து, கையும் காய்ந்துபோய், "ஏம்மா, உன்கூட உக்காந்தா மதியம் லுஹர் சோறு சாயந்தரம் அஸருக்குத்தான் முடியும் போல" என்று எழுந்து போய்விட்டார்கள்.

பசி இல்லை டீச்சர். அதுதான் ஆச்சரியம். ஆனால் குழம்பு கொதிக்கிற ஆணச் சட்டியைப் பார்த்தால் கை தானாகக் கரண்டிக்குப் போகிறது. வயிறு கேட்கவில்லை, கைதான் கேட்கிறது.

இவ்வளவும் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். மூட்டு விட்டுப்போய், நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன். தரையில் நெற்றி படவில்லையே என்று தினமும் ஒரு குறை. அதோடு இன்னொன்று. நஸீஹாவுக்குப் புதுமடத்தில் ஆதில் என்ற மாப்பிள்ளை முடிவாகியிருக்கிறது. டிசம்பர் கடைசியில் நிக்காஹ், இன்ஷா அல்லாஹ். அன்று சம்பந்தியம்மாவோடு நான் தரையில் சகனில் உட்கார வேண்டும். எங்கள் முறை நீங்கள் அறியாததா? நாலு பேர் சேர்ந்து ஒரே தட்டில் சாப்பிடும்போது ஒருத்தி கையை எடுத்தால், மற்றவர்களும் கூச்சப்பட்டு எடுத்துவிடுவார்கள். அதனால் விருந்தாளிகளின் வயிறு நிறையும்வரை வீட்டுக்காரி கை தட்டில் இருக்க வேண்டும். "நஸீராவோட சகன்ல உக்காந்தவுக பசியோட எந்திரிச்சதில்ல" என்று எனக்கு ஊரில் ஒரு பேர். என் உம்மா போட்ட நகையைவிட அது பெரிய நகை டீச்சர்.

துஆ செய்யுங்கள்.
உங்கள் நஸீரா

கீழக்கரை
8.9.2024

டீச்சர் அவர்களுக்கு ஸலாம்.

முதலில் நல்ல செய்தி. போன வெள்ளிக்கிழமை தரையில் ஸஜ்தா செய்தேன். நெற்றியைப் பாயில் வைத்தேன், யாரும் பிடிக்காமல் எழுந்தேன். அல்ஹம்துலில்லாஹ்.

இனி கெட்டது. நேற்று அடுத்த தெருவில் ஒரு கல்யாணம். தரையில் உட்கார முடிகிறதே என்ற திமிரில் சகனில் போய் உட்கார்ந்தேன். நெய்ச்சோறும் கறியும். கூட மூன்று பேர், அதில் ஒன்று மாசமாக இருக்கிற பிள்ளை. அவர்கள் ஒரு கவளம் எடுத்தால் நானும் ஒரு கவளம் எடுத்தேன். மெதுவாகத் தின்றால் "என்ன நஸீரா, உடம்புக்கு என்ன?" என்று கேட்பார்களே என்ற பயம். மூன்றாவது கவளத்தில் நெஞ்சில் கல்லை வைத்தது போல் அடைத்தது. கையை எடுத்து எழுந்து பின்கட்டுக்கு ஓடினேன். எல்லாம் வெளியே வந்துவிட்டது.

அது போகட்டும். முகத்தைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்தால் சகனைச் சுற்றி யாருமில்லை. மூவரும் கையை எடுத்துவிட்டார்கள். தட்டில் சோறு அப்படியே குவிந்து கிடக்கிறது. மாசமான பிள்ளை தூணோரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. "சாப்பிடலையா கண்ணு?" என்றேன். "போதும் மாமி" என்றது. அது போதும் என்கிற முகமா?

நஸீஹா கல்யாணத்தில் நான் சகனில் உட்காரப் போவதில்லை. நோன்பு வைத்திருக்கிறேன் என்றோ சமையல்கட்டில் வேலை என்றோ சொல்லிக்கொள்கிறேன். பேர் போனது போனதுதான்.

நஸீரா

கடலாடி
16.9.2024

அன்புள்ள நஸீரா,

உன் கடிதத்தின் முதல் பத்தியை எங்கள் தெருவுக்கே படித்துக் காட்டினேன். எதிர்வீட்டு இருளம்மாள், "நெத்திய தரையில வச்சு எந்திரிச்சுட்டாளா? எனக்கு அந்த டாக்டர் பேரக் கேட்டு எழுதுங்க" என்கிறாள். நீ அதை "முதலில் நல்ல செய்தி" என்று இரண்டு வரியில் தாண்டிப் போய்விட்டாய். வகுப்பில் கணக்கில் நூறு வாங்கியதை விட்டுவிட்டு ஓவியத்தில் தோற்றதற்கு அழுகிற பிள்ளைகள் உண்டு. நீ அந்த ரகம்.

பொய்யாக நோன்பு என்று நீ சொல்வாயா? உனக்கு வராது. நான் சொல்வதைக் கேள். சம்பந்தியம்மாவிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவிடு. அவர்களும் மனுஷர்தானே. பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் உனக்கு மட்டும் தனியாக வைத்துக்கொண்டு உட்கார். காலில் அடிபட்ட பிள்ளையை நாங்கள் விளையாட்டுப் போட்டியிலிருந்து வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். ஓரத்தில் நாற்காலி போட்டு எண்ணிக்கை சொல்ல வைப்போம். அதுவும் பங்குதான்.

யோசித்து எழுது.
ஈஸ்வரி

கீழக்கரை
30.11.2024

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

ஸலாம். தாமதத்துக்கு மன்னியுங்கள். உங்கள் யோசனையை ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை, மறுத்து எழுதவும் தைரியமில்லை. இப்போது தைரியம் வந்திருக்கிறது.

தனித் தட்டு எங்களில் நோயாளிக்கு வைப்பது. முன்கூட்டிச் சொன்னாலோ, "பாவம், அவுகளே சாப்பிடல" என்று சம்பந்தியம்மா இரண்டாவது வாயிலேயே கையை எடுத்துவிடுவார்கள். பரிதாபப்படுகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட மாட்டார்கள் டீச்சர். கல்யாணம் முடிந்ததும் நானே சொல்வேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.

நான் செய்த தப்பு எது என்று ஒருநாள் இவுகளோடு சாப்பிடும்போதுதான் பிடிபட்டது. வழக்கம்போல இவுக முடித்துவிட்டு, "இன்னுமா?" என்றார்கள். இன்னும்தான். எனக்கு இன்னும் நாலு வாய் இருந்தது. அந்தக் கல்யாணத்தில் நான் அவர்கள் வேகத்துக்கு ஓடினேன். என் வேகத்திலேயே இருந்திருந்தால்?

அன்றிலிருந்து தட்டை மாற்றினேன். இவுகளும் நஸீஹாவும் நானும் ஒரே சகனில். ஒரு சிட்டிகை எடுக்கிறேன், மெல்லுகிறேன். மெல்லுகிற நேரத்தில் கை சும்மா இருப்பதில்லை. கறியை எலும்பிலிருந்து பிரித்து அவர்கள் பக்கம் தள்ளுகிறேன், சோற்றை உதிர்த்துவிடுகிறேன். நஸீஹா, "உம்மா, எனக்கு ஊட்டி ஊட்டியே நிக்காஹ் சட்டை பத்தாமப் போயிரும்" என்கிறாள்.

ஆனாலும் வீடு வேறு, சபை வேறு. டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் வந்து எங்கள் சகனில் நாலாவது ஆளாக உட்கார வேண்டும். எனக்கு அடைத்துவிட்டால், நீங்கள் கையை எடுக்காமல் தட்டைக் காப்பாற்றுங்கள். வேறு யாரிடமும் இதைக் கேட்க மாட்டேன்.

எதிர்பார்த்து,
நஸீரா

கடலாடி
2.1.2025

அன்புள்ள நஸீரா,

பஸ்ஸில் வரும்போதே மனதில் எழுதத் தொடங்கிய கடிதம் இது. அன்று நீ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் நான் பார்த்ததை உனக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில், நம்பி அழைத்த ஆள் தோற்றுப்போன கதை. தட்டைக் காப்பாற்ற வந்த நான் பிரியாணி ருசியில் ஆரம்பத்திலேயே அள்ளி அள்ளித் தின்றுவிட்டேன். பாதியில் மூச்சு முட்டியது. என்னையறியாமல் கையை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் ஐயோ என்று நினைவு வந்தது. சம்பந்தியம்மாவும் அவர் பக்கத்தில் இருந்த ஆதிலின் சித்தியும், நீங்கள் சாச்சி என்பீர்களே, அவரும் உடனே கையை நிறுத்தினார்கள். அந்த இடத்தில் என் உயிரே போய்விட்டது.

அவர்கள் என்னைப் பார்க்கவில்லை நஸீரா. உன் கையைப் பார்த்தார்கள். அது தட்டில் இருந்தது. ஒரு துண்டுக் கறியைப் பிரித்துச் சாச்சி பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. பிறகு நாலு பருக்கையை எடுத்து உன் வாய்க்குக் கொண்டுபோனது. சம்பந்தியம்மா மறுபடி சோற்றைப் பிசைந்தார். சாச்சியும். பக்கத்துச் சகன்களில் எல்லோரும் எழுந்த பிறகும் உங்கள் தட்டில் மூன்று கைகள் இருந்தன. கடைசியில் ஒரு கை. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பேருக்குப் பரிசு கொடுத்துக் கைதட்டியிருக்கிறேன். அன்று சாப்பாட்டுப் பந்தியில் கைதட்ட முடியாமல் அடக்கிக்கொண்டேன்.

கை கழுவும் இடத்தில் நீ சம்பந்தியம்மாவிடம் ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னதையும் கேட்டேன். "அட, என்னவிட நீங்கதானே ரொம்ப நேரம் சாப்ட்டீங்க!" என்று அவர் வாயைப் பிளந்ததை நீயும் பார்த்தாய். நீ பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. சாச்சி, அந்த ஒல்லியான மனுஷி, துண்டை என்னிடம் நீட்டிக்கொண்டே மெல்லச் சொன்னார்:

"டீச்சர், நான் மெதுவாத்தான் திம்பேன். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பாதிச் சோத்துல எல்லாரும் கைய எடுத்துருவாக, நானும் எடுத்துருவேன். வீட்டுக்குப் போயி ஒரு வாய் அள்ளிப் போட்டுக்குவேன். இன்னைக்குத்தான் கல்யாண வீட்டுல வயிறு நெறஞ்சிருக்கு. அந்தம்மா கைய எடுக்கவே இல்லயே!"

உன் பேர் போகவில்லை. அது இப்போது புதுமடம் வரைக்கும் போயிருக்கிறது.

பாலாடையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். நஸீஹாவுக்கு வேண்டியிருக்கும்.

பெருமையோடு,
உன் மாடிவீட்டு டீச்சர்