கல்யாண வீட்டில் தொடங்கிய வகுப்பு

ஜூன் 3, திங்கள்

மருந்துக் கடைக்காரர் என் பேத்தியை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை அவளைப் போலப் படிக்க அந்தக் கடையில் ஆள் கிடையாது. என் பேத்தியாக்கும்.

ஆனால் குடிக்குச் சிகிச்சை முடிந்து வந்ததிலிருந்து வேலை, வீடு, மௌனம், அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் கூண்டுக்குள் அடைபட்ட மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடக்கிறாள். மறுபடி நழுவிவிட்டால்? அந்த நேரத்தில் அவளை எங்கே கூட்டிப்போவது?

ஜூன் 5, புதன்

பாஸ்டரிடம் கேட்டேவிட்டேன். குடியை விட்டவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு வேத வகுப்பு. "யாரும்மா நடத்துவாங்க?" என்றார். "நான்தான்" என்றேன். அஞ்சாங்கிளாஸ் படித்தவளுக்கு எழுத்து தெரியாதா என்ன? சிரிக்காமல் ஆலயத்துப் பின்னறைச் சாவியைக் கொடுத்தார், நல்ல மனுஷன்.

பேத்திதான் குதித்தாள். "ஆம்பளைங்க நடுவுல உக்காந்து நானும் குடிச்சவதான்னு சொல்லணுமா? ஊரே சிரிக்கும் பாட்டி." கடைசியில், டீ போட்டுத் தர மட்டும் வருவாளாம். யாரிடமும் நான் மூச்சு விடக் கூடாதாம். என் வாய்க்கா பூட்டு! சரி என்று தலையாட்டினேன்.

ஜூன் 7, வெள்ளி

எதைப் படிப்பது? துக்கமானது வேண்டாம். இயேசு போன கல்யாண வீடு — அதுதான் சரி.

ஜூன் 8, சனி

மூன்று பேர் வந்தார்கள். லாரி டிரைவர், பெயின்டர், ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். பேத்தி பக்கத்துச் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

விரலை வைத்துச் சத்தமாகப் படித்தேன். கல்யாண வீட்டில் திராட்சரசம் — ஒயின்தானே அது — தீர்ந்துபோகிற இடம் வந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஐயையோ, யார் முன்னால் எதைப் படிக்கிறேன்! பாதியில் நிறுத்தவும் முடியவில்லை. இயேசு ஆறு ஜாடித் தண்ணீரையும் திராட்சரசமாக்குகிறவரை படித்து முடித்தேன்.

வேதத்தை மூடினேன்.

"ஆறு ஜாடியா?" என்றார் பெயின்டர், மெதுவாக.

"நல்லவேளை, அந்தக் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடல" என்றார் டிரைவர்.

மேனேஜர்கூடக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்போது சமையலறையிலிருந்தும் ஒரு சிரிப்பு. என் பேத்தி! அவள் சிரித்துக் கேட்டு எத்தனை காலம்! டீ வடிகட்டியோடு வாசலில் வந்து நின்றாள், கண்ணில் தண்ணீர் வழிய.

"என்னைக் கூப்பிட்டிருந்தா வேற யாருக்கும் மிஞ்சியிருக்காதுண்ணா" என்றாள். பிறகு, "நானும் உங்க ஆளுதான்."

என்ன சொல்லப்போகிறார்களோ?

டிரைவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "அப்புறம் ஏம்மா அங்க நிக்கிற? வந்து உக்காரு."

உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "ரசம் தீந்துபோச்சுன்னு இயேசுவோட அம்மா மூடி மறைக்காம போய்ச் சொன்னாங்கல்ல? எனக்கு அதுதான் இவ்வளவு நாளா வரல."

டீ ஆறி அவலாகிவிட்டது. யாருக்கும் கவலையில்லை.

ஜூன் 9, ஞாயிறு

"வகுப்பு எப்படிம்மா?" என்றார் பாஸ்டர். "அமோகம்" என்றேன். எதைப் படித்தோம் என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்வானேன்?

ஜூன் 29, சனி

எனக்குக் காய்ச்சல். "இன்னிக்கு வகுப்பு வேணாம்னு சொல்லிடு" என்றேன். "எதுக்கு? நான் நடத்துறேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சனிக்கிழமை. தனியாக.

முடிகிற நேரம் தாண்டியும் ஆளைக் காணோம். போர்வையோடு எழுந்துபோய் ஜன்னலில் நின்றேன்.

வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பேச்சு. "கதவைப் பூட்ட விட்டாத்தானே பாட்டி! ஆளாளுக்குப் பேசிக்கிட்டே நிக்கிறாங்க. இன்னிக்கு பெயின்டர் அண்ணனே ஜெபம் பண்ணாரு, தெரியுமா?"

நான் இல்லாமலே ஜாம்ஜாமென்று நடந்திருக்கிறது! கொஞ்சம் பொறாமைதான். கஞ்சி குடிக்கக் குடிக்கக் கதை கேட்டேன்.

அவள் வெளியே போய்விட்டு வந்தால், முடியில் தூசி இருக்கிறது என்று ஏதாவது சாக்குச் சொல்லிக் கிட்டே போய் மோந்து பார்ப்பேன். அவள் படுக்கப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது — இன்று பார்க்கவில்லை.