இடது முன்சக்கரத்தின் தாடி

என் அன்புப் பாப்பாவுக்கு (உனக்கே ஒரு குட்டி வந்த பிறகும் எனக்கு நீ பாப்பாதான், முகத்தைச் சுளிக்காதே),

இங்கே நானும் அப்பாவும் அண்ணனும் அண்ணியும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, ஒரு குறையும் இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். குட்டிக்கு இருமல் விட்டதா? போனிலேயே கேட்டிருக்கலாமே, இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே வந்து நிற்கிறார். அவரைப் பற்றி அவர் காதுபடப் பேச முடியுமா? இன்னொன்று, நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ நாலு பேச்சுப் பேசிவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து முழுசாகப் படி.

விஷயம் நம் பிக்கப் வண்டியைப் பற்றியது. எதிர்வீட்டு டீச்சரின் கேட்டில் அப்பா வண்டியை இடித்துவிட்டார் என்று அண்ணன் சொல்லி, நீ அலறியடித்துக்கொண்டு போன் செய்தாயே, அன்றைக்குக் கை வேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். இனிமே அப்பாவை வண்டியே ஓட்ட விடாதீங்கம்மா, லீவுக்கு நாங்க வரும்போது ஏர்போர்ட்டுக்கும் அவர் வர வேண்டாம், டாக்சி புடிச்சிக்கிறோம், என் குழந்தையை நான் அந்த வண்டில ஏத்த மாட்டேன் என்று நீ சொன்னாய். அப்பா அப்போது உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றார். பிறகு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். உன்மேல் நான் குற்றம் சொல்லவில்லை. கேட்டுக்கு உள்பக்கம் டீச்சர் பேரனின் சைக்கிள் நின்றது, அது விழுந்து சக்கரம் வளைந்தது, அந்தப் பிள்ளை அதன்மேல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்கே இப்போதும் பயமாக இருக்கிறது. பெற்றவள் நீ பயப்படாமல் வேறு யார் பயப்படுவார்கள். ஆனால் அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்தக் கேட்டும் நம் பட்டறையில் அப்பா வெல்டு வைத்துச் செய்ததுதான், தெரியுமல்லவா. தான் செய்த கேட்டைத் தானே இடித்த ஒரே ஆள் இந்த ஊரிலேயே உன் அப்பாதான் இருப்பார். அன்றே கழற்றிக்கொண்டு வந்து நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து மாட்டிக் கொடுத்தார். சைக்கிளையும் சரிசெய்தார். டீச்சர் நல்ல மனுஷி, இதுக்கெல்லாம் எதுக்கு சார் இவ்ளோ வருத்தம் என்றுதான் சொன்னாள். அப்பாவோ, நான் பிரேக்கை மிதிச்சேன், மெதுவாத்தான் வந்தேன், நிக்கப் போற நேரத்துல பெடல் கால் அடில கடகடன்னு உதறுச்சு, வண்டி நிக்காம வழுக்கிட்டே போச்சு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அண்ணன் நம்பவில்லை. சும்மாவும் இருக்கவில்லை பாவம், வண்டியைப் பெரிய சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போய்க் காட்டினான். அவர்கள் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கோளாறும் பதிவாகவில்லை, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை, பிரேக் கட்டையும் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அவனும் வரும் வழியெல்லாம் பிரேக் போட்டுப் பார்த்திருக்கிறான், வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றதாம். வீட்டுக்கு வந்து, வண்டில ஒண்ணுமில்லப்பா, உங்க கால்தான் முன்ன மாதிரி இல்ல, வயசாகுதுல்ல, சாவியைக் குடுங்க என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். நானும் குடுத்துடுங்களேன் என்றேன். கொடுத்துவிட்டார்.

சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், பாப்பா. ஒரு கல் உப்பு கூடினாலே பத்து வார்த்தை பேசுகிற மனுஷன், போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். கேட் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர்களிடம், ஆள் அனுப்பி எடுத்துக்கோங்க என்று சொல்லிவிட்டார். ஒருநாள் மத்தியானம் பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டு, வலது பாதத்தைத் தூக்குவதும் தரையில் அழுத்துவதுமாக இருந்தார். என்ன பண்றீங்க என்றேன். ஒண்ணுமில்ல, கால் நான் சொல்றதைக் கேக்குதான்னு பாத்தேன் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஊரே அவரைச் சந்தேகப்பட்டிருக்கலாம், அவருக்கே அவர்மேல் சந்தேகம் வந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவள் நான், அவர் எப்படி ஓட்டுகிறார் என்று எனக்குத் தெரியாதா? மறுநாள் அண்ணன் ஆபீசுக்குப் போனதும் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன். கிளம்புங்க, மில்லுக்குப் பின்னாடி காலி மைதானத்துக்குப் போவோம், நான் பக்கத்துல உட்கார்ந்து பாக்கறேன் என்றேன். அங்கே மனித நடமாட்டமே கிடையாது, இடித்தாலும் புல்லைத்தான் இடிக்க வேண்டும்.

அங்கே உன் அப்பாவை அவர் பாட்டுக்கு ஓட்டவிட்டேன். அவர் எப்படி நிறுத்துவார் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தூரத்திலிருந்தே காலை வைத்து, மெதுவாக, மெதுவாக, பின்னால் ஏற்றியிருக்கிற கேட் ஆடாதபடி கொண்டுவந்து நிறுத்துவார். அண்ணன் அப்படி இல்லை, கடைசி நொடி வரை வந்து ஒரே மிதி. முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு தடவை, நடக்கிற வேகத்துக்கு வந்து நிற்கப் போகும்போது, முன்பக்கத்திலிருந்து கர்ர்ர் என்று ஒரு சத்தம், வண்டி நிற்காமல் இன்னும் கொஞ்ச தூரம் நகர்ந்தது. நான் அவர் காலைப் பார்த்தேன். பெடலை அழுத்தமாக மிதித்தபடியேதான் இருந்தது. பாத்தியா, பாத்தியா என்று அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்வேன், ரேங்க் கார்டு காட்டுகிற பிள்ளை மாதிரி இருந்தது. கேட்டுச்சுங்க, எனக்கும் கேட்டுச்சு என்றேன். அங்கேயே எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

நேராக எக்ஸ்பிரஸிடம் போனோம். நம் பழைய மெக்கானிக்தான், ஒரு நட்டைக் கழற்ற அரை நாள் எடுக்கிறான் என்று உன் அப்பா பேர் வைத்தாரே, அவனே. இப்போது அவனும் ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கிறான். பதிவான கோளாறைப் பார்க்காதே, ஓடும்போது பார், அதுவும் நிற்கப் போகும்போது பார் என்று நான் சொன்னேன். அவன் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார, நான் பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்க்க, அப்பா ஓட்டினார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சென்சார் இருக்கிறதாம், அது அந்தச் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். திரையில் நாலு எண்கள். வேகம் குறையக் குறைய நாலும் ஒன்றாக இறங்கிக்கொண்டு வந்தன. கடைசியில் மூன்று சக்கரம் இன்னும் சுற்றும்போதே இடது முன்சக்கரத்தின் எண் மட்டும் பொசுக்கென்று சைபருக்குப் போயிற்று, உடனே கர்ர்ர். அதாவது, ஒரு சக்கரம் மட்டும் நின்றுவிட்டது, வண்டி சறுக்குகிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு, ஏபிஎஸ்ஸை எழுப்பி, நல்லது செய்வதாக எண்ணி பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது. மெதுவாகப் போகும்போதுதான் சென்சாரின் குரல் அதற்குக் கேட்காமல் போகிறது, அதனால்தான் விளக்கும் எரியவில்லை, ஒரே மிதியில் நிறுத்துகிற அண்ணன் ஓட்டியபோதும் தெரியவில்லை.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். சென்சார் என்பது கட்டைவிரல் அளவு ஒரு சாமான், ஒரே ஒரு போல்ட், அதுவும் துருப்பிடித்து அசைய மாட்டேன் என்றது. எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, திருகித் திருகி எடுத்தான் எக்ஸ்பிரஸ், பேருக்கேற்ற வேகத்தில். வெளியே வந்ததைப் பார்த்தால் முனையில் கறுப்பாகத் தாடி முளைத்திருந்தது. அப்படியே தாடிதான், குத்துக் குத்தாக. துடைத்துப் பார்த்தால் முனையில் விரிசல். மாத்திடலாம்ணே என்றான். புதுசு போட்டான், பழையதை நான் பைக்குள் போட்டுக்கொண்டேன், அண்ணனிடம் காட்ட வேண்டாமா? மறுபடி ஓட்டிப் பார்த்தோம், நாலு எண்ணும் கை கோத்துக்கொண்டு இறங்கின. அண்ணன் சாயங்காலம் வந்து சென்சாரைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். சாரிப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

இத்தோடு முடிந்தது என்றுதானே நினைப்பாய்? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கொஞ்ச நாள்தான் போயிருக்கும், மறுபடியும் அதே உதறல். நல்லவேளை, நம் பட்டறை வாசலிலேயே, ஒன்றையும் இடிக்கவில்லை. அப்பா வண்டியை விட்டு இறங்கவே இல்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். புது சாமானும் போட்டாச்சு, அப்ப கால்தான் போல என்றார். எக்ஸ்பிரஸ் வந்து மறுபடி கழற்றினால், புது சென்சாரிலும் அரும்பு மீசை மாதிரி கறுப்பு. ஒயர் சரியில்லையோ, சாமான் டூப்ளிகேட்டோ என்று அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தத் தாடியை எங்கேயோ பார்த்த மாதிரியே இருந்தது. சட்டென்று ஞாபகம் வந்தது. தையல் மெஷினுக்குக் கீழே சிந்துகிற குண்டூசியைப் பொறுக்க ஒரு காந்தம் வைத்திருக்கிறேனே, அதை அதற்கு முந்தின மாசம் அப்பா பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய், திருப்பித் தரும்போது இதே தாடியோடு தந்தார், நான் கத்தினேன். இரும்புத் தூள்! சென்சார் முனையிலும் காந்தம் இருக்கிறதா என்று எக்ஸ்பிரஸைக் கேட்டேன். இருக்கு அக்கா என்றான். முந்தானையில் குத்தியிருந்த குண்டூசியை எடுத்து அதன் பக்கத்தில் கொண்டுபோனேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது.

நான் திரும்பி உன் அப்பாவைப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் ஸ்டாண்டு செய்து கொடுக்கிற ஆள், கேட்டைச் சாய்த்து வைக்கிற தன் பட்டறை ஸ்டாண்டு உடைந்து எத்தனை மாசமாயிற்று, செய்யலாம் செய்யலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டு, கேட்டையெல்லாம் வண்டியின் இடது முன்சக்கரத்தில் சாய்த்து வைத்துத்தான் இரும்பைத் தேய்க்கிற கிரைண்டரைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரப்பர் டயர்ல சாச்சா கேட் நழுவாது என்று பெருமை வேறு. தீப்பொறியோடு பறக்கிற தூளெல்லாம் அந்தச் சக்கரத்துக்குள்ளேதான் போயிருக்கிறது. உலகத்தில் எத்தனையோ வண்டிகளுக்கு எத்தனையோ கோளாறு வரும், இப்படி ஒரு கோளாறைத் தன் கையால் ஊட்டி வளர்க்க உன் அப்பாவால்தான் முடியும். எக்ஸ்பிரஸ் சிரி சிரியென்று சிரித்தான். அப்பாவும் சிரித்தார், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பில் வந்த கண்ணீர் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். சென்சாரைச் சுத்தமாகத் துடைத்து மாட்டினார்கள். மறுநாளே பிடிவாதமாக உட்கார்ந்து ஸ்டாண்டு செய்தார், பட்டறையின் மறுகோடியில் நிற்கிறது. அதன் பிறகு மழைக்காலமும் வந்து போய்விட்டது, வண்டி ஒரு தடவைகூட உதறவில்லை.

இனிமேல் சொல்லப்போவதை யாரும் சொல்லச் சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன். ஜெயித்த ஜோரில் இனி என்னை யாரும் கேட்க முடியாது என்று அப்பா ஆடியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். அவராகவே கண் டாக்டரிடம் போய்வந்தார். காலைச் சந்தேகப்பட்டது தப்பு, ஆனா ஒரு தடவை சோதிச்சுக்கறது தப்பில்லையே என்றார். கண்ணாடி பவர் ஏறியிருந்தது, மாற்றிக்கொண்டார். இருட்டினால் எதிர் வண்டி விளக்கு கொஞ்சம் கூசுகிறது என்று அவரே அண்ணனிடம் சொல்லி, ராத்திரில நான் ஓட்ட மாட்டேன், ராத்திரி வேலைன்னா நீ ஓட்டு என்று சாவியில் ஒன்றை அவனிடமே கொடுத்துவிட்டார். இதை அவர் சொன்ன பிறகுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. பகலில் அவர் ஓட்டும் வண்டியில் நான் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவேன், உன்னையும் குட்டியையும் உட்காரச் சொல்லவும் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அவள் உன் குழந்தை, முடிவு உன்னுடையது.

போன வாரம் டவுனுக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். என்ன விஷயம் என்று துருவிக் கேட்டபோதுதான் சொன்னார், குழந்தைகளுக்கான கார் சீட் வாங்கப் போயிருக்கிறார். பின் சீட்டை டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார். கடைக்காரர் குழந்தையின் உயரம் என்ன, எடை என்ன என்று கேட்டதற்கு இவரால் பதில் சொல்ல முடியவில்லை. பாப்பாவையே கேக்கறதுதானே என்றேன். வேணாம், அவ வேணாம்னு சொன்னதுக்கு அப்புறம் நான் கேட்டா, மறுக்க முடியாம சங்கடப்படுவா என்றார். நான் உனக்கு எழுதுவது அவருக்குத் தெரியாது.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய் நொடி இல்லாமல், மனசில் பயம் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். குட்டிக்கு என் முத்தங்கள். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, கழுத்தை மட்டும் மூடினால் போதாது. டிக்கெட் போடும்போது, முடிந்தால் பகலில் வந்து இறங்குகிற மாதிரி பார்த்துப் போடு. குட்டியின் உயரமும் எடையும் அப்பாவின் போனுக்கே அனுப்பு, கூட வேறு ஒன்றும் எழுத வேண்டாம், அவருக்குப் புரிந்துவிடும்.

என்றும் உன் நினைவோடு,
உன் அம்மா