மை படாத சின்னவிரல் தொடர்பாக

அனுப்புநர்:
திருமதி கண்ணகை நல்லரத்தினம்,
துறையடி வீதி, கோரைமுனை,
கொக்கட்டிச்சோலை வழி,
மட்டக்களப்பு.

பெறுநர்:
உதவித் தேர்தல் ஆணையாளர் அவர்கள்,
மாவட்டத் தேர்தல் அலுவலகம்,
மட்டக்களப்பு.

பொருள்: பிரதேச சபைத் தேர்தலில் வாக்களிக்காத ஒருவருக்கு மேலதிகப் பட்டியல் வழியாக உறுப்பினர் பதவி வழங்கப்பட்டமை குறித்த புகாரும், தேர்தல் முறையில் செய்ய வேண்டிய திருத்தங்களும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் மேற்படி முகவரியில் நிரந்தரமாக வசிப்பவள். நடந்து முடிந்த பிரதேச சபைத் தேர்தலில் எமது வட்டாரத்தில் ஒரு சுயேட்சைக் குழுவின் வேட்பாளராக நின்றேன். எனக்கும் எதிரே நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் வாக்குகள் சரிசமமாக விழுந்தன. சட்டப்படி சீட்டுக் குலுக்கியதில் அவர் பெயர் வந்தது. அதையிட்டு எனக்கு முறைப்பாடு இல்லை. சீட்டெடுத்த அலுவலரின் பக்கத்திலேயே நின்று பார்த்தேன், அவர் நேர்மையாகத்தான் எடுத்தார்.

2. என் முறைப்பாடு அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. சபை முழுவதிலும் எமது குழு பெற்ற வாக்குகளுக்கு விகிதாசாரப்படி ஓர் ஆசனம் கிடைத்தது. அதைப் பெண்ணொருவருக்கே கொடுக்க வேண்டும் என்றும் வந்தது. குழுத் தலைவர் சதீசன் அதனை மேலதிகப் பட்டியலில் இருந்த திருமதி தவமலர் என்பவருக்குக் கொடுத்துவிட்டார். தவமலர் எந்த வட்டாரத்திலும் போட்டியிடவில்லை. ஒரு படலையைத் தட்டவில்லை, ஒரு துண்டுப்பிரசுரம் கொடுக்கவில்லை, வெயிலில் ஒரு நாழிகை நிற்கவில்லை. ஐயா அவர்கள் வேறு யார் வாயிலாகவும் அறிவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மேற்படி தவமலர் என் கூடப்பிறந்த தங்கை.

3. அவர் பெயர் பட்டியலில் ஏறிய விதத்தையும் கூற வேண்டும். வேட்புமனு கொடுக்கும் தறுவாயில் பெண்கள் தொகை ஒன்று குறைந்தது. குறைந்தால் மனு தள்ளுபடியாகும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாக் குழுக்களும் செய்வதையே நானும் செய்தேன். வீட்டுக்கு ஓடிப்போய், தேங்காய் துருவிக்கொண்டிருந்த தங்கையிடம் கையொப்பம் வாங்கி, அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு போய்ப் பெயரைப் போட்டேன். "இது என்னத்துக்குக்கா?" என்று கேட்டாள். "சும்மா இடம் நிரப்ப" என்றேன். அவ்வளவுதான். நிரப்ப வைத்த பெயர் இன்று ஆசனத்தில் இருக்கிறது. ஓடியவள் வீட்டில் இருக்கிறேன்.

4. இதுபற்றிச் சதீசனிடம் நியாயம் கேட்டேன். "கண்ணகை அக்கா, உங்கட வாய்க்குச் சபையே காணாது. தவமலரக்காவ ஒருத்தரும் குறை சொல்ல மாட்டாங்க" என்றார். ஒன்றும் செய்யாதவளை யார் குறை சொல்வார்கள்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதைத்தான்.

5. எமது வட்டாரத்தில் பாதிப் பேர்தான் வாக்களித்தார்கள். இந்தக் குறைவுக்குக் காரணம் தேடித் தங்கள் அலுவலகம் ஆட்களை அனுப்பினால் நானே விளக்கம் கொடுப்பேன், ஏனெனில் வராதவர்கள் எல்லோருடைய நியாயத்தையும் படலையில் நின்று கேட்டவள் நான். வாக்களிப்பு நிலையம், நாங்கள் ஆறு என்று சொல்லும் வாவிக்கு அக்கரையில் உள்ள பள்ளிக்கூடத்தில். தோணியில் போய், இறங்கி, வயல்வட்டை வரம்பால் நடக்க வேண்டும். "ஆத்துல இறால் படுற நேரம்கா, வலைய விட்டுத்து வரவா?" என்றார்கள் ஆண்கள். "போன சபையால எங்களுக்கு என்னகா கிடைச்சது?" என்றார்கள் பெண்கள். வாக்காளரை ஏற்றி இறக்கினால் வேட்பாளருக்குக் குற்றம் என்று சட்டம் சொல்வதால் நான் தோணி கொடுக்கவில்லை. வாயைத்தான் கொடுத்தேன். வாக்கெடுப்பு நாளன்று விடிந்தது முதல் துறையடியில் நின்று, யாருக்கு என்று சொல்லாமல், "நேரத்தோட போங்க, நேரத்தோட போங்க" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். எனக்குப் போடமாட்டார்கள் என்று தெரிந்தவர்களையும் அனுப்பினேன்.

6. இனி முக்கிய விடயத்துக்கு வருகிறேன். சீட்டுக் குலுக்கித் தோற்று வீடு வந்த அன்று தவமலர் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். கோப்பையைப் பிடித்த இடது கையின் சின்னவிரலைப் பார்த்தேன். மை இல்லை. ஊரெல்லாம் விரட்டி விரட்டி வாக்களிக்கச் சொன்ன எனக்கு என் தங்கையே வாக்களிக்கவில்லை. சரிசமமாக நின்ற இடத்தில் அந்த ஒரு வாக்கு விழுந்திருந்தால் சீட்டும் இல்லை, குலுக்கலும் இல்லை. நான் வென்றிருப்பேன். தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை.

7. இதைப் பொறாமை என்று ஊர் சொல்கிறது. ஓம், பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது? எங்கள் வழக்கப்படி பெண்பிள்ளைகளுக்கு வளவைப் பிரித்து வீடு கொடுத்தபோது எனக்கு மேட்டுப் பக்கமும் அவளுக்குத் தாய்வீடும் கிடைத்தன. கிணறு அவள் பக்கம். காய்க்கிற தென்னை அவள் பக்கம். அம்மன் கோயில் சடங்கு நாளில் பிறந்தேன் என்று எனக்கு அந்த அம்மன் பெயரை வைத்து, "பேருக்கேத்த கோவம்" என்று சொல்லியே வளர்த்தார்கள். அவளைப் பொறுமைசாலி என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் பரிசும் அவளுக்கே. இத்தனையும் நான் பொறுத்தேன். ஆனால் சபை ஆசனம் சீதனம் அல்ல. அது நான் நடந்து தேடியது. வெல்வேன் என்ற நம்பிக்கையில் பதவியேற்புக்கென்று நீலச் சேலையொன்றும் வாங்கி வைத்தேன். "அதத் தங்கச்சிக்குக் குடு, சும்மா கிடக்குதுதானே" என்கிறார் என் கணவர் நல்லரத்தினம். அவரோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறேன்.

8. இம்மனுவின் கையெழுத்து அழகாக இருப்பதை ஐயா கவனித்திருப்பீர்கள். அது என்னுடையதல்ல. துறையடிப் பாலம் தொடர்பாக முன்பு நானே எழுதி வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பிய மனு, வாசிக்க முடியவில்லை என்று திரும்பி வந்தது. ஆகவே இதை நான் சொல்லச் சொல்லத் தவமலரே எழுதுகிறாள். ஊரில் வேறு யாரிடம் கொடுத்தாலும் பொழுதுபடுமுன் கடைத்தெருவில் கதையாகிவிடும். தனக்கு எதிரான புகாரை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறாள். ஒரேயொரு இடத்தில்தான் வாய் திறந்தாள். "என்ட பேர முதலெழுத்தோட போடட்டா, சும்மா போடட்டா?" என்று கேட்டாள். சும்மா போடச் சொன்னேன்.

9. ஆறாம் பந்தியை எழுதும்போது பேனையை வைத்துவிட்டு உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து எழுதினாள். எங்கள் அம்மா பாரிசவாதத்தால் படுக்கையில் இருக்கிறார். நேரத்துக்கு நேரம் புரட்டாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். தூக்கிப் புரட்டத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். வாக்கெடுப்பு நாளன்று மத்தியானம் நான் வந்து அம்மாவோடு இருப்பதென்றும், அவள் போய் வாக்களிப்பதென்றும் பேச்சு. காலையில் நான் வெளிக்கிடும்போது, "நீ போயித்து வாக்கா, மறுகா நான் போறன்" என்று வாக்காளர் அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தாள். மத்தியானம் ஒரு தோணி நிறைய ஆட்கள் நின்றார்கள். அவர்களை அனுப்பிவிட்டுப் போவோம் என்று நின்றேன். அதற்கடுத்த தோணிக்கும் ஆட்கள் வந்தார்கள். நான் வீட்டுக்குப் போகவில்லை.

10. இந்தக் காரணத்தை நீயே எழுதியிருக்கலாமே, பேனை உன் கையில்தானே இருக்கிறது என்று இப்போதுதான் அவளிடம் கேட்டேன். "நீ சொல்லுறதத்தானேக்கா எழுதுறன்" என்றாள். பாருங்கள் ஐயா, இதுதான் அவளோடு எனக்கு ஏலாத காரியம். சொல்லாமல் இருந்த பெருமையும் அவளுக்கே போய்விடக் கூடாது என்றுதான் ஒன்பதாம் பந்தியை நானே சொன்னேன்.

ஆகவே கீழ்க்காண்பவற்றைப் பரிசீலித்து, தங்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவற்றை மேலிடத்துக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(அ) மேலதிகப் பட்டியலில் இருந்து உறுப்பினராக வருபவர் எங்காவது நின்று வாக்குக் கேட்டவராக இருக்க வேண்டும். பெண்களின் பெயரை இடம் நிரப்பப் போடும் வழக்கம் நிற்க வேண்டும். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

(ஆ) தானே வாக்களிக்காதவர் உறுப்பினராகக் கூடாது என்று சட்டம் செய்ய வேண்டும். தவமலரின் நியமனத்தையும் இதன்படி மீளப் பார்க்க வேண்டும்.

(இ) அரச உத்தியோகத்தர்களுக்குத் தபால்மூல வாக்களிப்பு இருப்பதுபோல, எழும்ப ஏலாத நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்ப்பவர்களுக்கும் வீட்டுக்கே பெட்டி வர வேண்டும். எங்கள் ஊரில் மட்டும் இப்படிப் பல வீடுகள் உண்டு. அங்கே இருப்பவர்களைச் சோம்பேறிகள் என்று கணக்கெழுத வேண்டாம். இந்த மூன்றாவது யோசனையைச் சொன்னவள் தவமலர் அல்ல, நான். இதையும் அவள் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம்.

(ஈ) சட்டம் செய்யக் காலம் எடுக்கும் என்று அறிவேன். சபை கூடுவதற்கு முன் (ஆ)வுக்கு முடிவு வராவிட்டால் அவள்தான் போக வேண்டி வரும். அவள் போகும் நாட்களில் அம்மாவைப் புரட்ட நான்தான் இருக்க வேண்டும். இம்முறை மத்தியானம் மட்டுமல்ல, காலையிலிருந்தே இருப்பேன். ஆகையால் எந்த முடிவானாலும் தயவுசெய்து முன்கூட்டியே அறிவிக்கவும். அவளுக்கு என்னைவிட ஒடுங்கிய தோள். நீலச் சேலையின் சட்டையைப் பிடித்துத் தைக்க எனக்கு இரண்டு நாளாவது வேண்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து, வணக்கத்துடன்,

இடம்: கோரைமுனை
திகதி: 2025.05.29

(ஒப்பம்) ந. கண்ணகை
மனுதாரர்

மனுதாரர் சொன்னபடி எழுதியவர்: தவமலர்