கை தூக்கிக் கேட்ட கல்யாணம்

பங்குனி 6, வியாழன்

காலையிலேயே வெயில். அஸ்தம்பட்டி ரோடு முழுக்கத் தார் வாசனை. தண்ணீர் லாரி வரவில்லை. பி.பி. மாத்திரை வாங்க வேண்டும். மிக்சி பிளேடும்.

இரண்டாம் ஆண்டு வகுப்பு. பாடம்: பெரும்பான்மையும் அதன் எல்லையும். பின் பெஞ்சிலிருந்து ஒருவன்: "ஆம்பளையும் ஆம்பளையும் கல்யாணம் பண்ணலாமான்னு ஓட்டுக்கு விட்டுட்டா முடிஞ்சுது சார்." வகுப்பே சிரித்தது. "உன் கல்யாணத்தையும் விடலாம். முதல் ஓட்டு என்னுது" என்றேன். சிரிப்பு நின்றது. துறைத்தலைவரிடம் புகார் போயிருக்கும். போகட்டும். எனக்கு வர வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்தானே.

மாலை வெண்ணந்தூரிலிருந்து அண்ணன் போன். மகள் கீர்த்தனா பெங்களூரில் ஒரு பெண்ணோடு வாழ்வது வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. சட்டம் ஏற்காது என்பது அவளுக்கே தெரியும். குலதெய்வக் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டால் போதும் என்கிறாளாம். "ஆத்தாகிட்டப் பூ கேளுங்கப்பா. வெள்ளை வந்தா சம்மதிக்கோணும். சிவப்பு வந்தா நான் விட்டுடறேன்." அவளே கொடுத்த வாக்கு. அண்ணன் குரலில் நிம்மதி. ஆத்தா சிவப்புதான் தருவாள் என்று நம்புகிறார்.

பங்குனி 7, வெள்ளி

காபி போடும்போது செல்வராஜ். ஃபிரிட்ஜ் பக்கம், எப்போதும் நிற்கும் இடம். செத்து இத்தனை வருஷம் ஆகியும் நகத்தில் போர்வெல் ரிக் வண்டி கிரீஸ் போகவில்லை. பேசுவதில்லை. என்னைப் பார்ப்பதும் இல்லை. வழக்கம்போல இரண்டு டம்ளர் எடுத்துவிட்டேன். ஒன்றைத் திரும்பக் கழுவி வைத்தேன்.

செ.வுக்கும் பூ கேட்டார்கள். பெண் பார்த்தாயிற்று, அவன் மாட்டேன் என்றான். அவன் அப்பா கோயிலிலிருந்து வந்து, "ஆத்தா வெள்ளை குடுத்துட்டா. இனி என்ன சாமி" என்றார். அதற்கு மேல் செ. வாய் திறக்கவில்லை. தையில் கல்யாணம். ஆடியில் குமாரபாளையம் பாலத்துக்குக் கீழே உடலை எடுத்தார்கள். அந்த வீட்டாரோடு இன்றுவரை பேச்சு இல்லை. அந்த ஆத்தாவோடும்.

பங்குனி 9, ஞாயிறு

வெண்ணந்தூர். புழுக்கம். கோயிலில் பங்காளிகள் அத்தனை பேரும். கீர்த்தனாவை வர வேண்டாம் என்றுவிட்டார் அண்ணன்.

வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், அம்மன் காலடியில். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

 பிறகு பெரியப்பா செருமினார். "ஆத்தா குடுத்தது குடுத்ததுதானுங்க. ஆனா கோயில் எல்லார்த்துதும். வேண்டாங்கறவங்க கையைத் தூக்குங்க."

"ஆத்தா வாக்குக்கு மேல வாக்கு இல்லைன்னு சொன்னதே நீங்கதானுங்க" என்றேன்.

"காலேஜ்ல போய் நடத்து சாமி அதை."

சிரிப்பு. கைகள் எழுந்தன. அண்ணன் கை கடைசியில், தோள் வரைக்கும்.

வேண்டும் என்று நான் ஒருவன் தூக்கினேன். "உன்ற கை சேராது. நீ தலைக்கட்டா?" என்றார் பெரியப்பா. கல்யாணமான ஆண்தான் தலைக்கட்டு. அவன் கைதான் கை. எனக்கு வேண்டிய கல்யாணத்துக்கு வழியில்லை. கல்யாணம் ஆகாததால் கையும் இல்லை.

இந்த மாதிரிக் கல்யாணத்தை நாடாளுமன்றம் பார்க்கட்டும் என்றது சுப்ரீம் கோர்ட். நாடாளுமன்றம் ஊரைப் பார்க்கும். ஊர் இதுதான்.

பஸ் ஏற்றிவிட வந்த அண்ணன்: "சிவப்புன்னு அவகிட்டச் சொல்லிட்டேன். நீ வாயத் தொறக்காத."

பஸ் முழுக்க ஒரே நினைப்பு. செ.வின் பொட்டலத்தைப் பிரித்தபோது யார் பார்த்தது? நான் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை.

பங்குனி 10, திங்கள்

கல்லூரிக்கு லீவு சொல்லியாயிற்று. தண்ணீர் லாரி வந்தது. ஃபிரிட்ஜ் பக்கம் செ. இன்று என்னையே பார்த்துக்கொண்டு.

கீர்த்தனா போன். அழுது தொண்டை கட்டியிருந்தது. "வாக்குக் குடுத்துட்டேன் சித்தப்பா. அவகிட்டயும் சொல்லிட்டேன். பெட்டி கட்டிட்டிருக்கா. நீங்க அங்கதான இருந்தீங்க. சிவப்புங்களா?"

"வெள்ளை."



"அப்பா..."

"உங்கப்பா பொய் சொல்லிட்டார். வெள்ளை சாமி. என் கண்ணால பார்த்தேன். பெட்டியைப் பிரிக்கச் சொல்லு அவளை."

வைத்ததும் அண்ணன் நம்பர். மூன்றாவது தடவையாக அடிக்கிறது. காபி இரண்டு டம்ளரிலும் ஊற்றிவிட்டேன்.