உள்பக்கம் திரும்பிய வெள்ளை

அன்புள்ள உனக்கு,

நம் பெரிய பழைய காரில்தான் தன் கல்யாணத்துக்குப் போவேன் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதுவும் முன்போல, ஒரு பக்கம் வெள்ளைப் பட்டை ஓடும் டயரோடு. மூன்று மாதமாக அலையாத கடை இல்லை. அந்த அளவு டயருக்குச் சொல்கிற விலையில் இன்னொரு காரே வாங்கலாம்.

கடைசியில், உன்மேல் உள்ள கோபத்தில் நான் ஒதுக்கியிருந்த தெருமுனை டயர்க்கடைக்கே நேற்றுப் போனேன்.

"வண்டியிலயே வச்சுக்கிட்டு ஏன் சார் தேடுறீங்க? வெள்ளை உள்பக்கம் இருக்கு. தேய்ச்சுத் தேய்ச்சுக் கை போச்சுன்னு உங்க வீட்டம்மாதானே திருப்பி மாட்டச் சொன்னாங்க" என்றார் கடைக்காரர்.

வெள்ளை டயரை அந்தக் கடையில் விற்றுவிட்டாய் என்று இரண்டு வருடத்துக்கு முன் கத்தினேன். "குனிஞ்சு பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நீ உன் தங்கை வீட்டுக்குப் போனாய். நான் பார்க்கவில்லை.

அவர் நான்கையும் வெளிப்பக்கம் திருப்பி மாட்டிக் கொடுத்தார். இன்று காலை சோப்பும் பிரஷுமாக உட்கார்ந்தேன். ஒரு சக்கரம் வெளுப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. இன்னும் மூன்று இருக்கின்றன. இருபது வருடம் நான் ஓட்டினேன், நீ வாராவாரம் தேய்த்தாய்.

இப்படிக்கு,
இப்போதுதான் குனிந்தவன்