வாடாத பண்ணைக்கீரை

அடியே, இன்று சாயங்காலம் உன் மகளை அடித்துவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பாவாடை நிறையப் பண்ணைக்கீரை பறித்து வந்து, "சித்தி, கடைஞ்சு தாங்க" என்று நீட்டினாள். அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் கை முந்திக்கொண்டது. "எங்கடி பறிச்ச?" என்று கத்தினேன். "ரோட்டோரம்தான் சித்தி. நல்லாத்தானே இருக்கு?" என்று அழுதாள். ஆறு வயசுப் பிள்ளைக்கு என்னவென்று சொல்வேன்?

அரியலூரில் நாம் இரு தோழிகளும் சேர்ந்து தாவரவியல் ஆய்வு செய்த வருஷம், நீ அவளைச் சுமந்துகொண்டிருந்தாய். லாரி பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை ஒன்று உன் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அந்த மண்ணை அள்ளி வந்து தட்டுகளில் நிரப்பினோம். பாதித் தட்டுகளில் ஈயம் படாத திருமானூர்ப் பக்கம் எடுத்த பண்ணைக்கீரை விதை, மீதியில் கொட்டகையோரம் வளர்ந்த அதே கீரையின் விதை. திருமானூர் விதைகள் வேரை நீட்டின. நுனி கருகி அப்படியே நின்றுபோயின. கொட்டகை விதைகளோ ஜம்மென்று முளைத்தன. நான் ஒரு பைத்தியக்காரி, கைதட்டிக் குதித்தேன். "பாத்தியாடி, என்னா கெட்டிக்கார விதை!"

உன் முகம் வெளுத்துவிட்டது. "வெஷத்துக்குப் பழகிக்கிச்சுடி. ஈயத்தை உள்ள வெச்சுக்கிட்டே பச்சைப்பசேல்னு நிக்கும். வாடினாத்தானே நமக்குத் தெரியும்?" என்றாய். பிறகு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாய்: "மசக்கையில வேற எதுவும் எறங்கலன்னு இந்தக் கொட்டகையோரக் கீரையைத்தானேடி தெனம் கடைஞ்சு தின்னேன்."

அவள் பிறந்தபோது, "கையும் காலும் லட்சணமா இருக்குடி, இனிமே நிம்மதியாத் தூங்கு" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "அந்தச் செடியும் லட்சணமாத்தான் இருந்துச்சு" என்றாய்.

அவள் பேசத் தொடங்குவதற்குள் மூளைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் வீட்டுக்காரர் லாரியே கதியென்று ஊர் ஊராய்ப் போக, பிள்ளை என்னிடம் வளர்கிறாள். வயிற்றிலிருந்தபோதே ஈயம் பிள்ளையின் மூளையைக் கெடுத்திருக்குமோ என்ற உன் பயமும் என்னிடமே வந்து சேர்ந்தது. அவள் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டால் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்க்கிறேன். தலைவலி என்றால் எனக்குத் தூக்கம் போச்சு. கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் செத்துப் பிழைக்கிறேன். போய்ப் பார்த்தால் டிவியில் மூழ்கிக் கிடக்கிறாள், கழுதை.

நாளைக் காலை திருச்சி பஸ் ஏறுகிறோம். ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும் இடம் ஒன்றை விசாரித்து வைத்திருக்கிறேன். போகத்தான் வேண்டும், ஆனால் அவர்கள் என்ன சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறதுடி.

"ஊசி வலிக்குமா சித்தி?" என்று கேட்டாள்.

"வலிக்காதுடா தங்கம்."

"அப்ப நீங்க ஏன் அழுவுறீங்க?" என்று பாவாடை நுனியால் என் கண்ணைத் துடைத்தாள்.